நெடுந்தீவு: அம்மம்மாவின் கிணற்றைத் தேடிப் போன ஐந்து நாட்கள்

ஜூலை 16, புதன்: குறிகட்டுவான் துறை

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த 776ஆம் இலக்கப் பேருந்து குறிகட்டுவானில் எங்களை இறக்கிவிட்டபோது காலை எட்டு மணிதான் ஆகியிருந்தது. சோளகக் காற்று அதற்குள் வலுத்துவிட்டது. துறையின் ஒரு பக்கத்தில் நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் பூக்கூடைகளோடு நின்றார்கள். மறுபக்கத்தில், நெடுந்தீவுப் படகை எதிர்பார்த்து, அரிசி மூட்டைகளுக்கும் காஸ் சிலிண்டர்களுக்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவே நாற்பது ஐம்பது பேர் அமர்ந்திருந்தார்கள். தேநீர்க் கடையில் பிளேன்ரீ 60 ரூபாய். வெளியூர் முகம் என்று கண்டுகொண்ட கடைக்காரர், வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், கடல் இன்று நல்லதாக இல்லை என்று சொல்லி, நான் கேட்காமலே ஒரு பணிஸை எடுத்து வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

என் அம்மம்மா நெடுந்தீவில் பிறந்தவர். 1957இல் அம்மப்பாவுக்குக் கிளிநொச்சியில் வயற்காணி கிடைத்தபோது, அம்மாவை ஏழு வயதுப் பிள்ளையாகக் கையில் பிடித்துக்கொண்டு தீவை விட்டு வந்தார். அதன் பிறகு அவர் அங்கே திரும்பிப் போனது ஒரே ஒரு முறை, தன் தாயின் செத்தவீட்டுக்கு. இரணைமடுக் குளத்தில் இருந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிவரும் காணியில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த பிறகும், அரிசி கழுவிய தண்ணீரை நிலத்தில் ஊற்ற அவர் எங்களை விட்டதில்லை. அது மாட்டுக்குப் போக வேண்டும். முகம் கழுவும் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போக வேண்டும். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கத்தான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தேன். அவர்களுடைய வளவையும் கிணற்றையும் கண்டுபிடிக்க முடிந்தால் அதுவே போதும் என்று நினைத்தேன்.

படகு துறையை விட்டதும் வலப்பக்கமாக நயினாதீவின் கோபுரம் கொஞ்ச நேரம் கூட வந்தது. அந்தக் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மற்றப் பங்குகள் உடையவனுக்கு என்றும், வேறு சரக்கு ஏற்றிய கலமானால் செம்பாதி என்றும் அது சட்டம் சொல்கிறது. குதிரை ஏற்றிய கப்பல்கள் இந்தக் கடலில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உடைந்திருக்கின்றன. அதற்கென்று தனிச் சட்டம் எழுதும் அளவுக்கு அடிக்கடி உடைந்திருக்கின்றன. மூலையில் கிடக்கும் தீவுகள் என்று நாங்கள் இப்போது நினைக்கும் இடங்கள் அன்று கடல்வழியின் வாசலில் இருந்தவை.

நடுக்கடலில் அலை படகின் குறுக்கே அடித்தது. கீழ்த்தட்டில் டீசல் வாடை. எதிரில் இருந்த பெண் தன் பையில் இருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, "மணந்து கொண்டிரு தங்கச்சி, தூரத்தைப் பார், அலையைப் பாராதை" என்று என் கையில் வைத்தார். மடியில் கைக்குழந்தை, காலடியில் கோழிக்குஞ்சுப் பெட்டி, இவற்றுக்கு நடுவே என்னையும் அவர் பார்த்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். இந்தக் கடல் இல்லாவிட்டால் இந்தத் தீவுக்கு இந்தப் பெயரே வந்திராது என்று அப்போது தோன்றியது: 'நெடு' என்பது நீளத்தை மட்டும் குறிப்பதில்லை, தொலைவையும் குறிக்கும்.

மாவிலித்துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது குமுதினிப் படகில் இறந்தவர்களின் நினைவிடம். 1985 மே 15 அன்று, இதே பாதையில் போய்க்கொண்டிருந்த குமுதினியைக் கடலில் வழிமறித்து, ஏறியவர்கள் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். தேசிக்காய் தந்த பெண் இறங்கிய கையோடு குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நினைவிடத்தின் முன் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார். நானும் நின்றேன்.

தங்கும் அறைக்கு ஒரு நாளுக்கு 3,500 ரூபாய். மாலையில் விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் சோறும் 700 ரூபாய்க்குத் தந்தார்கள். மீன் மத்தியானம் பிடித்தது. வீட்டு அக்கா இரண்டு வாளிகளைக் காட்டி, "இது குளிக்க, உவர். இது வாய் கொப்பளிக்க. குடிக்கிறது குசினிக்குள்ளை இருக்கு, அதைக் கேட்டு எடுங்கோ" என்றார். அந்தக் குரலில் அம்மம்மாவைக் கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்: ஆடிப்பிறப்பு, குதிரைகள்

காலையில் ஆடிக்கூழ். அரிசி மாவும் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த மணம் விடியும் முன்பே அறைக்குள் வந்துவிட்டது. கூடவே பயற்றங் கொழுக்கட்டை. பலா இலையைக் கோலிக் குடிப்பதுதான் வழக்கம். "இந்த வறட்சிக்குள்ளை பலா இலைக்கு நான் எங்கை போறது" என்று அக்கா சில்வர் கோப்பையில் ஊற்றித் தந்தார். பனங்கட்டி தீவினுடையது. சற்றுக் கருமையானது, கடைசியில் ஒரு சிறிய உவர்ப்பு நாவில் நிற்கிறது. கூழுக்கு அவர் விலை சொல்லவில்லை. ஆடிப்பிறப்பன்று வீட்டுக்கு வந்தவரிடம் காசு வாங்குவதா என்று கோபித்துக்கொண்டார்.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவைச் சுற்றிக் காட்ட ஓட்டோவுக்கு 5,000 ரூபாய் பேசினோம். ஓட்டியவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

முதலில் கோட்டை. ஒல்லாந்தர் கோட்டை என்று பலகை சொன்னாலும் முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்து இரண்டு தட்டாக எழுப்பிய தடித்த சுவர்கள், இப்போது கடல் பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன. போர்த்துக்கேயர் இந்தத் தீவைத் தம் மொழியில் பசுக்களின் தீவு என்று அழைத்தார்கள். தமிழிலும் பசுத்தீவு என்ற பழைய பெயர் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தம் ஊர்ப் பெயர்களைத் தீவுகளின் மேல் எழுதினார்கள். வேலணை லெய்டன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். மற்றப் பெயர்கள் எல்லாம் வரைபடங்களோடு மறைந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்வ்ற்' மட்டும் ஆங்கிலத்திலும் அரச ஆவணங்களிலும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆனால் படகிலும் சந்தையிலும் ஒருவர் வாயிலும் அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை.

வைத்தியசாலைக்கு அருகில் உள்ள புறாக்கூட்டுக் கோபுரத்தையும் விரைவாகப் பார்த்துவிட்டு, குதிரை லாயத்துக்குப் போனோம். கூரை இல்லை. பவளக் கல்லில் கட்டிய தூண்கள் மட்டும் வெட்டவெளியில் வரிசை பிடித்து நிற்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்ட குதிரைகளை ஒல்லாந்தர் இங்கே பெருக்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்ற ஐரிஷ் லெப்ரினன்ற் தீவை ஆண்டபோது அந்தத் தொழில் பெரிதாக நடந்தது. பின்னர் அரசு அதைக் கைவிட்டது. கட்டுத்தறியில் இருந்து விடுபட்ட குதிரைகள் தாமே இனம் பெருக்கி, இன்று தீவின் தென்புறப் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. 2015இல் அந்த வெளி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

லாயத்தைவிட என்னை நிறுத்திவைத்த இடம் சாராப்பிட்டிக் கிணறுகள். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவதற்காகக் கிணறுகளை ஒட்டிக் கல்லில் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர். ஓட்டோத் தம்பி துலாக்கயிறு இல்லாத கிணற்றில் வாளியை விட்டு ஒரு கை அள்ளித் தந்தார். உவர் இல்லை. இந்தத் தீவு முழுவதும் ஒரே சுண்ணாம்புப் பாறை. மாரியில் பெய்யும் மழை பாறையின் துளைகள் வழியே இறங்கி, கீழே நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தப் படலம் எங்கே தடிப்போ அங்கேதான் நன்னீர். அளவாக இறைத்தால் ஆண்டு முழுவதும் வரும். ஆசைப்பட்டு இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஆட்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தீவின் மிக நல்ல தண்ணீரில் ஒரு பங்கைக் குதிரைக்கு ஒதுக்கினார்கள் என்பதை அந்தத் தொட்டிகளின் நீளத்தைப் பார்த்தபோது உணர்ந்தேன். மனிதர்கள் எங்கே அள்ளினார்கள் என்று கேட்டேன். "அவை வேறை இடம் பாத்திருப்பினம் அக்கா" என்றார் தம்பி.

வரும் வழியில் குதிரைகளைக் கண்டோம். புல் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. விலா எலும்பு தெரியும் ஒரு பெட்டைக் குதிரை குட்டியோடு நின்றது. வறட்சி ஆண்டுகளில் இவற்றில் பல தண்ணீர் இல்லாமல் இறந்துபோகின்றன. படம் எடுக்க நெருங்கிய என்னைத் தம்பி தடுத்தார். ஓடவிட்டால் அதற்குத் தாகம் கூடும் என்றார். கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கடைசியாகப் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்கு உரிய மரம் அது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அடிமரம் குடைந்துபோய், உள்ளே ஆட்கள் நிற்கலாம். உள்ளே போய் நின்றேன். வெளியே அவ்வளவு காற்று அடிக்கும்போது உள்ளே அசைவே இல்லை.

ஜூலை 18, வெள்ளி: கல்வேலிகளுக்குள்

இன்று ஓட்டோ இல்லை. வாடகைச் சைக்கிள், நாளுக்கு 500 ரூபாய். என் கையில் இருந்தது அம்மம்மா சொன்ன மூன்று அடையாளங்கள்: ஒரு பிள்ளையார் கோயில், அதற்குத் தெற்கே இரட்டைப் பனை, வளவின் மூலையில் மாட்டுத் தொட்டியோடு ஒரு கிணறு. தீவில் பிள்ளையார் கோயிலுக்கும் பனைக்கும் குறைவில்லை என்பது சைக்கிளில் ஏறிய அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

ஒழுங்கைகளின் இரு பக்கமும் பவளக் கல்வேலி. சாந்து இல்லை, மண் இல்லை. பெரிய கல் அடியில், அதன்மேல் சிறிய கல், இடையில் ஆப்பு வைத்ததுபோல் சில்லுக்கல், நெஞ்சளவு உயரம். காற்று அதன் துளைகளுக்குள் புகுந்து போகிறதே தவிர அதை விழுத்துவதில்லை. ஓர் இடத்தில் சரிந்த பகுதியை ஐயா ஒருவர் தனியே நின்று அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். சைக்கிளை நிறுத்திவிட்டு நானும் கல் எடுத்துக் கொடுத்தேன். நான் நீட்டிய கல்லை ஒவ்வொரு முறையும் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குரிய முகத்தைக் கண்டுபிடித்த பிறகே வைத்தார்.

வேலிக்காக இவ்வளவு கல்லையும் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வேலி கட்ட ஆரும் கல்லுப் பொறுக்கேல்லை, பிள்ளை. குரக்கன் விதைக்க நிலம் வேணும். நிலம் முழுக்கக் கல்லு. பொறுக்கின கல்லை எங்கையும் வைக்கத்தானே வேணும்." பிறகு வேலியின் தடிப்பைக் காட்டினார். எந்த வளவில் வேலி தடிப்போ அங்கே பழைய குடி. மூன்று நான்கு தலைமுறை அந்த மண்ணில் கல் பொறுக்கியிருக்கிறது. மெல்லிய வேலி என்றால் பிந்தி வந்தவர்கள். நான் நேற்றுப் பார்த்த கோட்டைக்கும் லாயத்துக்கும் தொல்பொருள் பலகை உண்டு. இந்த வேலிகளுக்குப் பலகை இல்லை. ஆனால் குரக்கனும் சாமையும் பயறும் விளைய, ஒரு சாண் மண்ணுக்காக மனிதர்கள் குனிந்து நிமிர்ந்த கணக்கு முழுவதும் இவற்றில் இருக்கிறது. இந்தத் தீவைக் குடியிருக்கும் ஊராக ஆக்கியவர்கள் இவர்கள்தாம். குதிரைக்காரர்கள் வந்து போனவர்கள்.

ஐயாதான் என்னை ஓர் ஆச்சியிடம் அனுப்பினார். ஆச்சிக்கு எண்பத்தாறு வயது. அம்மப்பாவின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நீ அவளின்ரை பேத்தியோ, மோனை. நெத்தி அவளின்ரை நெத்தி" என்று கன்னத்தைத் தடவினார். அம்மம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்த பனாட்டில் ஒரு துண்டை வாயில் வைத்தே பேச வேண்டும் என்று கட்டளை. பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வெயிலில் என்னோடு நடந்தே வந்தார்.

இரட்டைப் பனையில் ஒன்றுதான் மிச்சம். வீடு இல்லை, அடித்தளத்தின் கல்வரிசை மட்டும் தெரிந்தது. வேலியை ஆச்சி தன் கைத்தடியால் தட்டிக் காட்டினார். மெல்லிய வேலி. ஐயா சொன்ன கணக்கின்படி இது பிந்தி வந்த குடி. அதை நான் சொன்னபோது ஆச்சி வியப்படையவில்லை. அம்மம்மாவின் பாட்டனார் புங்குடுதீவில் இருந்து மாடுகளோடு வந்து இறங்கியவர் என்றும், இந்த மூலையில் தண்ணீர் சரியில்லாததால்தான் வந்தவர்களுக்கு இந்தக் காணி கிடைத்தது என்றும், நல்ல கிணறு இருக்கும் காணிகளில் எல்லாம் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள் என்றும் சொன்னார். எங்கள் குடும்பத்தின் ஆதி ஊர் என்று இத்தனை ஆண்டுகள் நான் நினைத்திருந்த இடம், சில தலைமுறைக்கு ஒரு தங்கல். அந்தச் செய்தி எனக்கு இதமாக இருக்கவில்லை. ஆச்சி அதைச் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு இந்தத் தீவில் எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்து இறங்கியது என்பது, யார் வீட்டில் யார் சம்பந்தம் செய்தார்கள் என்பதைப் போல ஒரு விவரம்.

கிணறு இருந்தது. சுற்றுக்கட்டில் பாதி உள்ளே விழுந்திருந்தது. மாட்டுத் தொட்டி முழுசாக நின்றது. கயிற்றில் போத்தலைக் கட்டி இறக்கி எடுத்த தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். அவ்வளவு உவர். ஆள் இல்லாமல், இறைக்காமல் விட்டதால் உப்பேறிவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது. ஆச்சி என்னை அழ விட்டார். முடிந்த பிறகு, வெயில் ஏறுகிறது, வா என்றார்.

மாலையில் வெடியரசன் கோட்டைப் பக்கம் போனேன். பவளக் கல்லாலான வட்ட வடிவ அடித்தளங்கள். தொல்பொருள் ஆய்வாளர்கள் இவற்றைப் பௌத்த தூபிகளின் எச்சம் என்கிறார்கள். ஊரார் வாயில் இது வெடியரசனின் கோட்டை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலில் வந்த மீகாமனை எதிர்த்துப் போரிட்ட முக்குவர் தலைவன் அவன். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. கல் ஒரு காலத்தைச் சொல்கிறது. இங்கே வந்து குடியேறியவர்கள் அந்தக் கல்லின்மேல் தங்களுக்குத் தெரிந்த கடற்கதையை வைத்து அதை உரிமையாக்கிக்கொண்டார்கள்.

ஜூலை 19, சனி: படகு ஓடவில்லை

காலையில் துறைக்குப் போனபோது படகு புறப்படாது என்றார்கள். இரவு முழுவதும் அடித்த காற்றில் கடல் வெள்ளையாகிக் கிடந்தது. எப்போது ஓடும் என்று சொல்ல எவரும் இல்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை அறிவித்திருந்தால், கண் சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போக மூன்று மைல் தூரத்தில் இருந்து மகனின் சைக்கிளில் வந்த முதியவர் திரும்பிப் போக நேர்ந்திருக்காது. எனக்கு ஒரு நாள் விடுப்புத்தான் போயிற்று. அவர் இனி எப்போது வைத்தியரைப் பார்ப்பாரோ தெரியாது. துறையில் யாரும் சத்தம் போடவில்லை. மூட்டைகளைத் தலைக்கு வைத்துச் சிலர் படுத்துவிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

நண்பகலில் வீட்டு அக்கா ஒடியல் கூழ் காய்ச்சினார். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, நண்டு, மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டைக்குப் பதில் மரவள்ளி, கடைசியாகப் பழப்புளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும். திண்ணையில் ஏழு பேர் இருந்து குடித்தோம். நேற்று வேலி அடுக்கிய ஐயாவும் வந்திருந்தார். பேச்சு தானாகவே, யார் யார் எங்கே என்பதில் போய் நின்றது.

போர் தொடங்கும் முன்பே இந்தத் தீவு ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. இரணைமடுக் குளத்தை நம்பி 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் நெருங்கிக் கிடந்த, காணி இல்லாத குடும்பங்களுக்கு வன்னியில் வயல் கொடுப்பது அதன் நோக்கம். அடுத்த முப்பது ஆண்டுகளில் நெடுந்தீவில் இருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மழையை நம்பி ஒரு போகம் குரக்கன் கண்டவர்களுக்கு வாய்க்கால் தண்ணீரும் நெல்லும் என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதை இந்த மூன்று நாளில் விளங்கிக்கொண்டேன். போனவர்கள் முதலில் கல்லைத் தேடியதாகவும், மண்வெட்டி போட்ட இடமெல்லாம் மண்ணாகவே இருந்ததைக் கண்டு அஞ்சியதாகவும் தன் தமையன் சொன்னதாக ஐயா சொன்னார். அதன்பின் போர் வந்தது. குமுதினிக்குப் பிறகு, பிள்ளைகள் உள்ள வீடுகள் முதலில் பூட்டப்பட்டன. 1990களில் இன்னும் பலர் போனார்கள்: யாழ்ப்பாணம், வன்னி, இராமேசுவரம், கனடா. இப்போது தீவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர். 2009இல் வன்னியே இடம்பெயர்ந்தபோது, நெடுந்தீவில் இருந்து போன குடும்பங்கள் மறுபடியும் மூட்டை கட்டின. அதில் எங்கள் குடும்பமும் உண்டு. அம்மம்மா அந்த ஆண்டுக்கு முன்பே கண்மூடிவிட்டார். அது ஒரு நிம்மதி என்று அம்மா இன்றும் சொல்வார்.

"கச்சதீவுத் திருவிழாவுக்கு வாங்கோவன்" என்று அக்கா பேச்சை மாற்றினார். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கே அந்தோனியார் திருவிழாவை ஒழுங்கு செய்வதும் நெடுந்தீவுக் கத்தோலிக்கப் பங்கே. பெப்ரவரியிலோ மார்ச்சிலோ இரண்டு கரை மக்களும் அங்கே கூடும்போது, இராமேசுவரத்தில் தங்கிவிட்ட தம்பியை அவர் ஒரு முறை மணலில் சந்தித்திருக்கிறார். அவருக்கு இவர் கொண்டுபோனது நெய். தம்பி கொண்டுவந்தது சேலை. பேசுவதற்குக் கிடைத்தது ஓர் இரவு.

மாலையில் காற்று தணிந்தது. அக்கா அன்றைய அறை வாடகையை வாங்க மறுத்தார். படகு ஓடாத நாளுக்குக் காசு வாங்குவது தங்கள் வழக்கம் இல்லை என்றார். பலமுறை வற்புறுத்தியதில் சாப்பாட்டுக்கு மட்டும் 1,000 ரூபாய் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு: திரும்புதல்

காலைப் படகு ஓடியது. ஆச்சி துறைக்கு வர முடியாததால், பேரனிடம் ஒரு போத்தல் நெய்யும் ஒரு சரை ஒடியலும் கொடுத்து அனுப்பியிருந்தார். கண் சிகிச்சைக்குப் போக வந்திருந்த முதியவரும் படகில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் தங்கி, திங்கள் காலை வரிசையில் முதலாவது ஆளாக நிற்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு என் சன்னல் பக்க இடத்தைக் கொடுத்தேன்.

குறிகட்டுவானில் இறங்கியதும் அம்மாவை அழைத்தேன். வளவைக் கண்டதைச் சொன்னேன், மெல்லிய வேலியைச் சொன்னேன், ஆச்சியைச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்.

"கிணத்துத் தண்ணி குடிச்சுப் பாத்தனியோ?"

உப்பேறிப் பாழாகிவிட்டது, வாயில் வைக்க முடியவில்லை என்றேன்.

"அது அப்பவும் உவர்தான். மாட்டுக்கும் குளிக்கவும் மட்டும்தான் அது. குடிக்கிற தண்ணி ஒரு மைல் தள்ளி வேறை ஆக்களின்ரை கிணத்திலை இருந்துதான் எடுக்கிறது. விடிய முதல் போகவேணும், பிந்தினால் அடியிலை கலங்கிப் போம். அம்மா இடுப்பிலை ஒண்டு, தலையிலை ஒண்டு. எனக்குச் சின்னக் குடம். சிந்தினால் அடி விழும்."

என் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலில் கால்பங்கு மீதி இருந்தது. யாழ்ப்பாணப் பேருந்து வந்து நின்றது. மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன்.